குரூப் 4 பொது அறிவு: எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது?

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஒரு சகோதரி சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து கேட்டிருக்கிறார். ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் வேலை. இரவு சாப்பாடு முடிந்த பிறகுதான் புத்தகத்தைத் திறக்க முடிகிறது. மாதிரித் தேர்வுகளில் தமிழில் 100 வினாக்களுக்கு 80-ஐத் தாண்டிவிடுகிறார். பொது அறிவில் 75-க்கு 35-க்கு மேல் ஏறவே இல்லை. மூன்று கைடுகள் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. இன்னும் எந்தப் புத்தகம் வாங்க வேண்டும், பயிற்சி மையத்தில் சேராமல் முடியுமா, ஆறு மாதம் போதுமா என்பவை அவர் எழுதியிருக்கும் கேள்விகள். சகோதரி, நீங்கள் புத்தகத்தின் பெயரைக் கேட்டிருந்தாலும், படிக்கப் படிக்க நீண்டுகொண்டே போகும் இந்தப் பாடத்தை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பதே உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பணியில் இருந்த காலத்திலிருந்தே மாலை வேளைகளில் போட்டித் தேர்வு மாணவர்களுக்கு வரலாறு, புவியியல், அரசியலமைப்பு ஆகிய பாடங்களை நடத்தி வருகிறேன். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் குரூப் 4, குரூப் 2 எழுதியவர்கள். எனவே நான் சொல்வதை அந்தத் தேர்வுகளுக்குரியதாக மட்டும் கொள்ளுங்கள். மத்தியத் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வு வேறு ஆழத்தில் கேட்பது, அதற்கு இந்த அளவுகோல் பொருந்தாது. கணக்கும் திறனறிவும் என் பாடங்கள் அல்ல என்பதால் அந்த 25 வினாக்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். குரூப் 4 தேர்வில் மூன்று மணி நேரத்தில் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள். தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. தமிழில் 40 விழுக்காடு எடுக்காதவரின் மற்றப் பகுதி மதிப்பிடப்படாது. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. பொது அறிவின் தரம் பத்தாம் வகுப்பு என்று தேர்வாணையமே அறிவித்திருக்கிறது, பாடத்திட்டத்தையும் தன் இணையதளத்தில் வெளியிட்டிருக்கிறது. அந்தச் சில பக்கங்களை அச்செடுத்து வைத்துக்கொள்ளாமலே பலர் ஆண்டுக்கணக்கில் படிக்கிறார்கள் என்பதை என்னால் இன்றுவரை விளங்கிக்கொள்ள முடியவில்லை. உலகத்தின் மிக நீளமான ஆறு எது, எந்த நாட்டுக்கு எது தலைநகரம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வினாக்களில் பெரும்பகுதி அந்தப் பாடத்திட்டத்துக்குள் வராது. பாடத்திட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் நேரான பாடம், 2018-19, 2019-20 கல்வியாண்டுகளில் வந்த புதிய பள்ளிப் புத்தகங்களில் ஏறக்குறைய முழுமையாக இருக்கிறது. ஆறு முதல் பத்து வரையிலான அறிவியலும் சமூக அறிவியலும் முழுதாகவும், பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளின் வரலாறு, அரசியல் அறிவியல், பொருளியல் நூல்களில் பாடத்திட்டத்தோடு ஒட்டிய பாடங்கள் மட்டுமாகவும் படித்தால் போதும். அவை எல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆகவே முதல் கேள்விக்கு என் பதில், இனி ஒரு புத்தகமும் வாங்க வேண்டாம் என்பதுதான்.

ஐயத்துக்குரியவை வேறு. இந்த முறை அரசியலமைப்பிலிருந்து இத்தனை வினா, அறிவியலிலிருந்து இத்தனை என்று அட்டவணை போட்டுச் சொல்கிறவர்கள் கடந்த ஆண்டுகளின் கணக்கைச் சொல்கிறார்களே தவிர, வரப்போகும் வினாத்தாளைச் சொல்லவில்லை. ஓர் அலகின் பங்கு ஒரு தேர்வுக்கும் அடுத்த தேர்வுக்கும் இடையே கூடும், குறையும். அறிவியலை ஒதுக்கிவிடலாம், பொருளாதாரத்தை விட்டுவிடலாம் என்பது போன்ற அறிவுரைகளை நம்பி ஓர் அலகையே கைவிட்டவர்கள், கட்-ஆஃப் (தேர்வாவதற்கான எல்லை மதிப்பெண்) ஒன்றிரண்டு வினாவில் தள்ளிப்போகும் இந்தத் தேர்வில் அதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள். விரும்பாத அலகையும் பள்ளிப் புத்தக அளவுக்காவது தொட்டுவிடுங்கள் என்பதற்கு மேல் இதில் எவரும் உறுதியாக எதையும் சொல்ல முடியாது.

நீங்கள் 35-இல் நிற்பதற்கான காரணம் நீங்கள் படிக்கும் அளவில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. படிக்கும் விதத்தில் இருக்கிறது. கைடுகளில் வினாவும் அதற்கு நேரே விடையும் இருக்கும். அதை ஒப்பித்தவர், வினாவின் வடிவம் சற்று மாறினாலும் தடுமாறுவார். நீதிக் கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறிய ஆண்டு எது என்று கேட்டு 1916, 1925, 1944, 1949 என நான்கு விடைகள் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். விடை 1944, அதுவும் நம் சேலத்தில் நடந்த மாநாட்டில். கைடு படித்தவர் அதோடு பக்கத்தைப் புரட்டிவிடுவார். ஆனால் மீதி மூன்று ஆண்டுகளும் சும்மா போட்டவை அல்ல. 1916 நீதிக் கட்சியாகப் பின்னர் அறியப்பட்ட தென்னிந்திய நல உரிமைச் சங்கம் தோன்றியது, 1925 சுயமரியாதை இயக்கம், 1949 திராவிட முன்னேற்றக் கழகம். வினா எழுதுகிறவர் தவறான விடைகளையும் அதே பாடத்திலிருந்துதான் எடுப்பார், இந்த ஆண்டின் தவறான விடை அடுத்த ஆண்டின் சரியான விடையாக வரும். பழைய வினாத்தாளைக் கையில் எடுக்கும்போது ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகளையும் இது எந்த வினாவுக்கான பதில் என்று கேட்டுப் பார்த்து, தெரியாததைப் பள்ளிப் புத்தகத்தில் தேடிப் படியுங்கள். ஒரு வினாத்தாளை இப்படி முடிக்க ஒரு வாரம் ஆகலாம். ஒரு நாளில் ஐந்து வினாத்தாள்களுக்கு டிக் அடிப்பதைவிட அந்த ஒரு வாரம் பயனுள்ளது என்பதை என் மாணவர்கள் பலரிடம் கண்டிருக்கிறேன்.

அடுத்ததாக, பொருத்துக வகை. தமிழ்நாட்டின் கனிமங்களும் இடங்களும் என்ற பகுதியை எல்லோரும் ராகம் போட்டு மனப்பாடம் செய்வார்கள்: பழுப்பு நிலக்கரி நெய்வேலி, கிராபைட் சிவகங்கை, மாலிப்டினம் கரடிக்குட்டம், மாக்னசைட் சேலம், பாக்சைட் சேர்வராயன் மலை, இரும்பு கஞ்சமலை. இதில் பாதி நம் கண் முன்னாலேயே இருக்கிறது. ஜங்ஷனிலிருந்து ஓமலூர் சாலையில் போகும்போது மாமாங்கம், கருப்பூர்ப் பக்கம் தெரியும் வெள்ளை மேடுகள், ஊரார் வெள்ளைக்கல் என்று சொல்கிறார்களே, அதுதான் மாக்னசைட். மக்னீசியம் மிகுந்த பாறை சிதைந்து அதன் வெடிப்புகளில் வெள்ளை நரம்புகளாகப் படிந்த தாது அது. கடும் வெப்பத்தைத் தாங்கும் என்பதால் எஃகு உலைகளின் உட்புறச் செங்கல்லுக்குப் பயன்படுகிறது. பாக்சைட் அடிவாரத்தில் இல்லாமல் ஏற்காட்டின் மேல்தட்டில் கிடைப்பதற்கும் காரணம் உண்டு. மலையுச்சிச் சமவெளியில் சார்னோக்கைட் பாறை நெடுங்காலமாக மழையில் ஊறி, கரையக்கூடியவை எல்லாம் கரைந்து போக, கரையாத அலுமினியமும் இரும்பும் தங்கிவிட்ட மிச்சம் அது. பாக்சைட்டிலிருந்து அலுமினியத்தைப் பிரிக்க ஏராளமான மின்சாரம் வேண்டும். மேட்டூரில் நீர்மின்சாரம் இருந்தது, அலுமினிய ஆலை அங்கே அமைந்தது. இவ்வளவையும் ஒரு முறை புரிந்து படித்தவருக்குப் பொருத்துக வினா மட்டுமல்ல, கூற்று-காரணம் வினாவும் கைக்குள் வந்துவிடும். கூற்று-காரண வினாவில் பெரும்பாலோர் விழுவது, இரண்டு வாக்கியங்களும் தனித்தனியே சரியாக இருந்தும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இல்லாத இடத்தில்தான். ஒப்பிப்பதால் அந்த இடத்தைத் தாண்ட முடியாது.

பாடங்களுக்கு நடுவே சுவர் எழுப்பிக்கொண்டு படிப்பதையும் விட்டுவிட வேண்டும். நான் வகுப்பில் வழக்கமாக எடுத்துக்கொள்வது மதுவிலக்கு. 1937-இல் சென்னை மாகாணப் பிரதமரான (முதலமைச்சர் பதவிக்கு அன்றைய பெயர்) இராஜாஜி, அதே ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் மதுவிலக்கை முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தார். அவர் முன்பு இதே ஊரின் நகராட்சித் தலைவராக இருந்தவர், அவருடைய சொந்த ஊரான தொரப்பள்ளியும் அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. கைடு இதை ஒரு வரியில் முடித்துவிடும். ஆனால் கள், சாராய வரி மாகாணத்துக்கு முக்கியமான வருவாய் என்பதால், அதை இழந்த அரசு வேறு வழி தேடியாக வேண்டியிருந்தது. 1939-இல் பொது விற்பனை வரி வந்தது அப்படித்தான். இந்த இடத்தில் வரலாற்றுப் பாடம் பொருளாதாரப் பாடமாகிவிடுகிறது. விற்பனை வரிக்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1 முதல் மதிப்புக் கூட்டு வரி வந்தது; 2016-இன் 101-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியாக 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்துக்குரிய அரசியலமைப்பு உறுப்பு 279-அ, அதன் தலைவர் மத்திய நிதியமைச்சர். மனிதர் அருந்தும் மதுவை அந்த வரிக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். மதுவிலக்கை அரசு நாட வேண்டும் என்று சொல்லும் உறுப்பு 47 அரசு வழிகாட்டு நெறிமுறைகளில் இருக்கிறது, அதை நீதிமன்றத்தின் மூலம் வலியுறுத்திப் பெற முடியாது. சேலத்தில் தொடங்கிய ஒரு செய்தி தேசிய இயக்கம், மாநில நிதி, மறைமுக வரி, அரசியலமைப்பு என்று நான்கு அலகுகளைத் தொட்டுவிட்டது. ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிற உங்களுக்கு வரி விவரங்களைக் கற்றுத்தர வேண்டியதே இல்லை. அவற்றின் பின்னால் இருக்கும் வரலாற்றைச் சேர்த்துக்கொண்டால் மறக்காது.

இரயத்துவாரி முறையும் இப்படித்தான். 1820, தாமஸ் மன்றோ, சென்னை மாகாணம் என்று மூன்று சொற்களில் படிக்கிறோம். மூன்றாம் மைசூர்ப் போருக்குப் பின் 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி) சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது இங்கே ஆட்சியராக வந்தவர் அலெக்சாண்டர் ரீட், அவருடைய உதவியாளர்களில் ஒருவர் மன்றோ. இடைத்தரகர் இல்லாமல் உழவரிடமே நேராக வரி வாங்கும் அந்த முறை இந்த மண்ணில்தான் சோதித்துப் பார்க்கப்பட்டது. தாலுகா அலுவலகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தி என்ற வருவாய்க் கணக்குத் தணிக்கையும், ஜூலை 1-இல் தொடங்கும் பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டும் அந்த வருவாய் நிர்வாகம் விட்டுச் சென்ற வழக்கங்கள். பட்டா மாறுதலுக்கு மனுவோடு ஒரு முறை ஜமாபந்தி வரிசையில் நின்றவருக்கு இந்தப் பாடம் பாதி புரிந்துவிடும்.

நடப்பு நிகழ்வுகளில்தான் நேரம் மிக அதிகமாக விரயமாகிறது. எத்தனை மாதச் செய்திகளைப் படிக்க வேண்டும் என்பதற்கு ஒரே பதில் இல்லை. தேர்வுக்கு முந்தைய ஓராண்டு என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு, அதைவிடக் குறைத்துக்கொண்டு தேர்ச்சி பெற்றவர்களும் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் சற்று அழுத்தியே சொல்வேன். நடப்புச் செய்தி தனியாக வருவதைவிடப் பாடத்தோடு ஒட்டிக்கொண்டு வரும்போதுதான் வினாவாக மாறும் வாய்ப்பு அதிகம். ஜூன் மாதம் வந்தால் மேட்டூர் அணை திறப்பதைப் பற்றித் தினமும் செய்தி வரும். குறுவை நெல் சாகுபடிக்கு ஜூன் 12-இல் திறப்பது வழக்கம், நீர் இல்லாத ஆண்டுகளில் தள்ளிப்போகும். அந்தச் செய்தியை வாசிக்கும் அன்றைக்கே, அணை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது, ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்பது அன்றைய ஆளுநரின் பெயர், முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பவற்றைப் பார்த்துவிடுங்கள். அங்கிருந்து மாநிலங்களுக்கு இடையேயான ஆற்றுநீர்ச் சிக்கலுக்கான உறுப்பு 262, 1956-ஆம் ஆண்டுச் சட்டம், 1990-இல் அமைந்த காவிரி நடுவர் மன்றம், அதன் 2007 இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் திறந்துவிட வேண்டிய அளவை 192-லிருந்து 177.25 டி.எம்.சி. ஆக்கியது, அதே ஆண்டு அமைந்த காவிரி நீர் மேலாண்மை ஆணையம் என்று போய்விடலாம். அமைச்சர்களின் அன்றாட அறிக்கைகள், கிரிக்கெட் தொடரின் ஒவ்வொரு ஸ்கோர், யார் யாரைச் சந்தித்தார் என்பவை எல்லாம் நமக்கு வேண்டாம். விருதுகள், புதிய திட்டங்களின் பெயரும் நோக்கமும், புவிசார் குறியீடு, முக்கியமான நியமனங்கள் போதும். நம் ஊர் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது போன்ற செய்திகளைத் தனிப் பக்கத்தில் குறித்து வாருங்கள். வெண்பட்டும் அந்தப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது.

கைடுகளின் பிழைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் மதிப்பெண்ணில் சில அங்கேயும் போயிருக்கக்கூடும். பழைய பதிப்பை அட்டை மாற்றி விற்பது இந்தத் தொழிலில் புதிதல்ல. தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்று இருந்தால் அந்தக் கைடை மூடிவிடலாம், இப்போது 38. மத்தியத் திட்டக்குழு இன்னும் இயங்குவதுபோல் எழுதியிருந்தாலும் அப்படித்தான். 2015 ஜனவரி 1-இல் நிதி ஆயோக் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. இரண்டு கைடுகள் முரண்பட்டால் பள்ளிப் புத்தகம் சொல்வதைக் கொள்ளுங்கள். பழைய வினாத்தாளின் விடையில் ஐயம் வந்தால் தேர்வாணையம் வெளியிட்ட இறுதி விடைக்குறிப்பைப் பாருங்கள், முதலில் வரும் தற்காலிகக் குறிப்பு ஆட்சேபணைகளுக்குப் பின் மாறுவது உண்டு. மாறும் எண்களையும் மாறாத எண்களையும் பிரித்து எழுதிவைப்பதும் நல்லது. பதினொன்றாம் அட்டவணையில் ஊராட்சிகளுக்கு 29 பொருள்கள், பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்கு 18 பொருள்கள் என்பவை அரசியலமைப்புத் திருத்தம் வந்தாலன்றி மாறாது. மாவட்ட எண்ணிக்கையும் திட்டத் தொகைகளும் எப்போது வேண்டுமானாலும் மாறும், அவற்றைத் தேர்வுக்கு முந்தைய மாதம் ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

படித்ததை நினைவில் வைப்பதற்குச் சுருக்குச் சொற்களை உருவாக்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு அவை உதவுகின்றன. எனக்கு அவற்றில் நம்பிக்கை குறைவு, ஏனெனில் சுருக்குச் சொல் நினைவில் நின்று அதன் விரிவு மறந்துபோனவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். மாறாக, புத்தகத்தை மூடிவிட்டுத் தானே தன்னைக் கேட்டுக்கொள்வது எல்லோருக்கும் பயன்படுகிறது, திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்து எழுதுவதே மனத்தில் நிற்கும் என்பதைக் கற்றல் பற்றிய ஆய்வுகளும் சொல்கின்றன. பாடத்தைப் படிக்கும்போது விடைகளைக் குறிப்பெடுக்காமல் வினாக்களை மட்டும் நோட்டில் எழுதுங்கள். மறுநாள் கடைக்குப் போகும் பேருந்தில் அந்த வினாக்களுக்கு மனத்துக்குள் பதில் சொல்லிப் பாருங்கள். வராததற்குப் பென்சிலால் ஒரு புள்ளி; ஒரு வாரம் கழித்தும் வராவிட்டால் இன்னொரு புள்ளி. தேர்வு நெருங்கும்போது இரண்டு புள்ளி வாங்கியவற்றை மட்டும் திருப்பினால் போதும். அறிவியலுக்கு இதற்கு மேல் தனி வழி ஒன்றும் தேவையில்லை, பாடத்தின் பின்னால் இருக்கும் பயிற்சி வினாக்களையும் பெட்டிச் செய்திகளையும் விடாமல் பார்த்தால் சரி.

பயிற்சி மையம் கட்டாயமில்லை. தனியாக உட்கார்ந்தால் படிப்பு ஓடவில்லை என்றால், பணம் கட்டுவதற்கு முன் கோரிமேட்டில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தை விசாரியுங்கள். அங்கே நடக்கும் வகுப்புகள் இலவசம். உங்கள் வேலை நேரத்துக்கு அது ஒத்துவராமல் போகலாம், அப்படியானால் மாதிரித் தேர்வுகளை மட்டும் எழுதும் வசதி எங்காவது கிடைக்கிறதா என்று பாருங்கள். ஆறு மாதம் போதுமா என்பது நாள் கணக்கைவிட நாளொன்றுக்குக் கிடைக்கும் நேரத்தைப் பொறுத்தது. தமிழ் ஏற்கெனவே உங்கள் கையில் இருப்பதால், இரவில் ஒன்றரை மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமை அரை நாளும் பொது அறிவுக்கே கொடுத்தால், முதல் நான்கு மாதத்தில் பள்ளிப் புத்தகங்களை ஒரு சுற்று முடித்துவிட்டுக் கடைசி இரண்டு மாதத்தைப் பழைய வினாத்தாளுக்கும் திருப்புதலுக்கும் வைத்துக்கொள்ள முடியும். கட்-ஆஃப் எவ்வளவாக இருக்கும் என்பது காலிப் பணியிடங்களையும் இனவாரி ஒதுக்கீட்டையும் வினாத்தாளின் கடினத்தையும் பொறுத்தது. அதை முன்கூட்டிச் சொல்லும் காணொளிகளுக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பாடத்தை முடித்துவிடலாம்.

தேர்வு அறையில் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மத்தியத் தேர்வில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும், இங்கே தவறான விடைக்குக் கழிவு இல்லை. ஆகவே இரண்டு விடைகளை நீக்க முடிந்தாலே துணிந்து மீதி இரண்டில் ஒன்றைக் குறியுங்கள். ஒன்றுமே தெரியாத வினாவுக்கும் ஏதேனும் ஒன்றைக் குறிப்பதால் நட்டமில்லை. ஐந்தாவதாக இருக்கும் 'விடை தெரியவில்லை' என்ற வட்டத்தையும் சேர்த்து ஐந்தில் ஒன்றையாவது நிரப்பாமல் எந்த வினாவையும் விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு வட்டத்தையும் எத்தனை முறை நிரப்பினீர்கள் என்று கடைசியில் எண்ணி எழுதவும் வேண்டும் என்பதால், வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போதே அதற்கான நிமிடங்களை ஒதுக்கிப் பழகுங்கள். வாங்கிவைத்த மூன்று கைடுகளில் புதிய பதிப்பு எதுவோ அதை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு பாடத்தைப் பள்ளிப் புத்தகத்தில் முடித்த பிறகு அதிலிருக்கும் வினாக்களை விடையை மறைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள்.